மறக்க வேண்டுவதும் நினைக்க வேண்டுவதும்

தமிழ் பயிலும் மாணவன் கணிப்பொறி மொழியொன்றைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் பெர்ள் என்னும் மொழியை 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லா மொழியொன்றுக்கு எழுத்தமைத்துத் தொண்டாற்றும் எண்ணங் கொண்டிருந்தவர். மத்தேயு சுவிசேஷத்தில் வரும் விலையுயர்ந்த முத்தின் உவமையை நினைந்தே தம் மொழிக்குப் பெயர் சூட்டினார். அம்மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. நம் தோன்றா எழுவாய் போலச் சொல்லாமலே கொள்ளப்படும் பெயரும் உண்டு. ஆதலின் இலக்கணம் கற்பார்க்கு அஃது அத்துணை அயலானதன்று.

இணைய வழங்கி இயல்பாகவே மறதியுடையது. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்பின் கொடுக்கும். மறுகணமே கேட்டவர் இன்னார் என்பதை மறக்கும். முன்தொடரைக் கேளாதவர்க்கு ‘அவன் வந்தான்’ என்பதில் ‘அவன்’ யாரென விளங்காதவாறு போல, முன்வந்தவரே மீண்டும் வந்தார் என்பது வழங்கிக்கு விளங்காது. இக்குறை தீர 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த லூ மாண்டுல்லி ‘குக்கி’ என்னும் சிறு அடையாளச் சீட்டை வகுத்தார். வழங்கி அதில் ஓர் எண்ணையிட்டு நம் உலாவியிடம் ஒப்படைக்கும். நாம் அடுத்துக் கேட்கும்போது அச்சீட்டும் உடன் செல்லும். அவ்வெண்ணுக்குரிய செய்திகளை வழங்கி தன்னிடத்தே காத்து வைக்கும். இத்தொடர்பே அமர்வு எனப்படும்.

சென்ற விடுமுறையில் பெரம்பலூர் நண்பர் ஒருவரும் அரியலூர் நண்பர் ஒருவரும் யானுமாகக் கூடி, உழவர் தம் விளைபொருளைப் பதிந்து வைத்தற்குரிய பயிற்சித் தளமொன்றை அமைத்தோம். பெரம்பலூரார் சின்ன வெங்காயம் 12 மூட்டை எனப் பதிந்தார். அரியலூரார் முந்திரிக்கொட்டை 5 மூட்டை எனப் பதியப் புகுந்தார். அவர் திரையிலோ மற்றவர் பெயரும் வெங்காயக் கணக்கும் தோன்றின! மீண்டும் திறந்தபோது சரியாயிருந்தது. மூன்றாம் முறை பிழையே வந்தது. பயிற்சியாதலின் நகைத்தோம். உண்மை உழவரின் பொருளாயின் நகைத்தற்கு இடமேது?

முதலில் குக்கியை ஐயுற்றோம். இருவர் சீட்டிலும் எண்கள் வேறு வேறாகவே இருந்தமையின், பிழை வழங்கியினிடத்தது எனத் துணிந்தோம். வழங்கியை நிறுத்தித் தொடங்கின் பிழை சிறிது நேரம் மறைந்து பின்னர்த் தலைகாட்டிற்று. எனவே, அது ஓடுங்காறும் எதனையோ விடாது நினைத்திருக்கிறது என்று அறிந்தோம்.

பழைய சி.ஜி.ஐ. முறையில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பெர்ள் புதிதாகத் தோன்றிப் பணி முடிந்ததும் மறையும். எழுதினவர் செய்த சோர்வும் அதனோடு மறையும். மாட்-பெர்ள் என்னும் துணைக்கூறோ பெர்ளை அப்பாச்சி வழங்கியின் உள்ளேயே குடியமர்த்துவது. நிரலை ஒருமுறை ஆயத்தஞ் செய்து பன்முறை இயக்குதலின் விரைவு மிகும். ஆனால் பழைய நினைவும் தங்கும். எங்கள் நிரலின் தலைப்பில் ‘மை’ என்னுஞ் சொல்லால் அறிவித்த பெயர் மாறியைக் கீழுள்ள துணைநிரல் நேரே எடுத்தாண்டது. மாட்-பெர்ளின் ரெஜிஸ்ட்ரி முறை நிரல் முழுவதையும் மற்றொரு துணைநிரலுள் அடக்கி இயக்கும். அதனால் உள்ளிருக்கும் துணைநிரல் முதன்முறை கண்ட மாறியையே பற்றிக்கொண்டது. முதலில் வந்தவர் பெயரே பின்வந்தார்க்கும் ஆயிற்று. வழங்கிக்கு ஏவலாளர் போன்ற கிளை இயக்கங்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் தான் முதலிற் கண்டவரையே நினைத்தமையால் பிழை வந்தும் போயும் இருந்தது.

இதனை உறுதி செய்ய, ‘எக்ஸ்’ குறியிட்டு அப்பாச்சியை ஒரே இயக்கமாக ஓட்டினோம். இரண்டாம் நபரின் வேண்டுகோளிலேயே பிழை தவறாது தோன்றியது. அம்மாறி பகிர்வில் நிலைத்து நில்லாது என்னும் எச்சரிக்கை பிழைக் குறிப்பேட்டில் முன்னரே எழுதப்பட்டிருந்தது, யாம்தாம் படித்திலேம். துணைநிரலை அழைக்குந்தோறும் பெயரை அதன் கையிற் கொடுத்து அனுப்புமாறு மாற்றியதும் பிழை தீர்ந்தது.

அடுத்து இதற்கு மறுதலையான குறை தோன்றியது. அரியலூரார் 5 மூட்டையை 7 எனத் திருத்தினார். அடுத்த பக்கத்திலோ பழைய 5 நின்றது. அமர்வுச் செய்திகளைக் காக்கும் அப்பாச்சி-செஷன் என்னும் துணைக்கூறு மேற்பெட்டியில் நேரும் மாற்றத்தையே காணும். பெட்டிக்குள் வைத்த பெட்டியில் நேர்ந்ததைக் காணாது. ஆகவே திருத்துந்தோறும் மேற்பெட்டியிலும் அந்நேரத்தைக் குறித்தோம், 7 நிலைத்தது. பணி முடிவில் அமர்வின் பிணைப்பை அவிழ்த்தலும் இன்றியமையாதது. பொது மாறியொன்றில் அது தங்குமாயின், செய்தி எழுதப்படாது, பூட்டுந் திறவாது நிற்க, அடுத்த வேண்டுகோள் வாயிலிற் காத்துக் கிடக்க நேரும்.

ஆக, முதற்பிழை மறக்க வேண்டுவதை நினைத்ததனால் வந்தது. இரண்டாவது நினைக்க வேண்டுவதை மறந்ததனால் வந்தது. புதுத் தளங்கள் பலவும் இந்நாளில் வேறு மொழிகளில் எழுதப்படினும், இவ்விரு பிழைகளும் எம்மொழியிலும் நேர்வனவே. பிழை நாடப் புகும் நண்பர்கள் முதலில் குறிப்பேட்டைப் படிப்பாராக. பின்னர்ச் சீட்டை ஒப்பிடுவாராக. அதன்பின் ஒரே இயக்கமாக ஓட்டிப் பார்ப்பாராக. ஒருவரே இருந்து தேர்ந்து ‘நன்று’ என்று அமையாது, இருவரைக் கொண்டே தேர்வாராக. வெங்காயம் பதிந்தவர் மட்டும் பார்த்திருப்பின், எங்கள் தளம் குற்றமற்றதென்றே இன்றும் எண்ணியிருப்போம்.