கொழுமரமும் ஆலமரமும்: கணினிக் கூட்டத்திற்குள் வழி தேடுதல்

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலில் நகருக்குச் செல்பவர்களுக்கு ஜூரோங் ஈஸ்ட் சந்திப்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வடக்கிலிருந்து வருபவர்களும் மேற்கிலிருந்து வருபவர்களும் கலக்கும் இடம் அது. தண்டவாளம் இருக்கிறது, ரயிலும் வருகிறது; ஆயினும் காலை வேளையில் நடைமேடை நிரம்பி வழிகிறது. பாதை இருப்பது வேறு, பாதையில் இடம் இருப்பது வேறு. பல கணினிகளைப் பிணைத்து ஒரே மீத்திறன் கணினியாக இயக்குபவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவேயாகும்.

தண்டு ஏன் பருக்க வேண்டும்?

ஒரு மரத்தைத் தலைகீழாகக் கற்பனை செய்யுங்கள். கீழே இலைகளாகக் கணினிகள்; கிளைகள் பிரியும் இடங்களில் சுவிட்சுகள்; உச்சியில் வேர். இடப்பக்கக் கணினி வலப்பக்கக் கணினிக்குத் தகவல் அனுப்பினால், அது வேர்வரை ஏறி மறுபுறம் இறங்க வேண்டும். எல்லா இணைப்புகளும் ஒரே அளவாக இருந்தால் உச்சியில் நெரிசல் உண்டாகும். வேரை நெருங்க நெருங்க இணைப்பு பருக்க வேண்டும் என்று 1985இல் எம்.ஐ.டி.யின் சார்ல்ஸ் லைசர்சன் எழுதினார். அதுவே 'ஃபேட் ட்ரீ'. தமிழில் கொழுமரம் எனலாம். 1991இல் வெளிவந்த சி.எம்.-5 என்னும் கணினி இம்முறையில் அமைந்தது.

ஆனால் உச்சிக்கென ஒரு மாபெரும் சுவிட்சைச் செய்வது பெருஞ்செலவு. அதற்குப் பதிலாகச் சிறிய சுவிட்சுகள் பலவற்றை அடுக்கலாம். தொலைபேசி நிலையங்களுக்காக 1953இலேயே சார்ல்ஸ் க்ளோஸ் இத்தகைய அடுக்கமைப்பை விளக்கியிருந்தார். எனவே இன்றைய கொழுமரம் உண்மையில் ஆலமரமே. ஒரு தண்டு பருப்பதில்லை. பல விழுதுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

பதினாறு கணினிகளில் ஒரு பாடம்

நான்கு துளைகள் கொண்ட 20 சுவிட்சுகளை வைத்து 16 கணினிகளை இணைக்கலாம். அடியில் 8, நடுவில் 8, உச்சியில் 4. அடி, நடு அடுக்குகள் நான்கு குழுக்களாகப் பிரிந்திருக்கும். கணினிகளுக்கு 0 முதல் 15 வரை எண் இடுவோம். ஒரு குழுவிலிருந்து வேறொரு குழுவுக்குச் செல்ல நான்கு குறுகிய வழிகள் உண்டு. ஏறும்போதுதான் தேர்வு, உச்சிச் சுவிட்சு எது என்று முடிவானபின் இறங்குவதற்கு ஒரே வழி. ஓர் உச்சிச் சுவிட்சு பழுதானாலும் மூன்று வழிகள் மிஞ்சும். ஏறி முடித்த பிறகே இறங்க வேண்டும் என்பதால் தகவல் சுற்றிச் சுற்றி வருவதும் இல்லை.

வழி இருந்தும் நெரிசல்

எந்த வழியில் ஏறுவது? எளிய விதி ஒன்று: சேருமிடத்தின் எண் இரட்டையானால் இடப்பக்க இணைப்பு, ஒற்றையானால் வலப்பக்க இணைப்பு. 0, 1 ஆகிய கணினிகள் ஒரே அடிச் சுவிட்சில் உள்ளன. 0 எட்டுக்கும் 1 ஒன்பதுக்கும் அனுப்பினால் இரண்டும் தனித்தனியே ஏறும். ஆனால் 0 எட்டுக்கும் 1 பன்னிரண்டுக்கும் அனுப்பினால் இரண்டும் இடப்பக்கமே ஏறும். வேகம் பாதியாகும், வலப்பக்க இணைப்போ சும்மா கிடக்கும்!

நெரிசலைப் பார்த்து அவ்வப்போது வழியை மாற்றும் முறையும் உண்டு. அதில் பின்னால் புறப்பட்ட தகவல் முன்னால் வந்து சேரலாம். அவற்றை மீண்டும் வரிசைப்படுத்தும் வேலை கூடும்.

நம் அருகில்

சிங்கப்பூர்த் தேசிய மீத்திறன் கணினி மையம் 2016இல் ஃபியூஷனோபோலிஸில் இயக்கத் தொடங்கிய 'ஆஸ்பயர் 1' கொழுமர அமைப்பு கொண்டது. அதன் ஆற்றல் ஒரு பெட்டாஃபுளாப், அதாவது வினாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள். ஒவ்வோர் இணைப்பும் வினாடிக்கு 100 கிகாபிட் தாங்கும் இன்ஃபினிபேண்ட். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்தும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அதற்கு நேரடி இணைப்புகள் இருந்தன.

இறுதியாண்டு ஆய்வுக்காக இத்தகைய கணினிகளை நாடும் நண்பர்களே! கணினிகளின் எண்ணிக்கையை இரட்டித்தும் வேகம் கூடவில்லையா? நிரலை மட்டும் குறை சொல்லாதீர்கள். யார் யாருடன் பேசுகிறார்கள், அவர்கள் எந்தக் கிளையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அதிகம் பேசிக்கொள்ளும் பகுதிகளை ஒரே சுவிட்சின்கீழ் அமர்த்தினால் அவை உச்சிவரை ஏறவே வேண்டியதில்லை. விழுதுகள் பல இருந்தும் பாரம் ஒன்றின்மீதே விழுந்தால் மரத்திற்கு என்ன பயன்?