மடக்கையிலிருந்து தொடங்குங்கள்

43 வயதில் டேட்டா சயின்ஸ் எம்.டெக். சேரப்போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது, "கணக்கெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?" என்றுதான். நியாயமான கேள்வி. 2002இல் பி.இ. முடித்தேன், அதன்பிறகு வேலையில் எனக்குச் சதவீதத்துக்கு மேல் கணிதம் தேவைப்படவே இல்லை.

ஆனால் நம்மைத் தடுமாற வைப்பது கால்குலஸ் அல்ல. வகையிடல் விதிகள் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தால் திரும்ப வந்துவிடும். அதற்கும் கீழே இருக்கும் பின்னம், அடுக்குக்குறி, மடக்கை, மைனஸ் குறி இவைதான் காலை வாரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டியதில் 7 முறை தலை விழுந்திருக்கிறது. தலை விழும் நிகழ்தகவு என்ன என்று மதிப்பிட வேண்டும். அந்த நிகழ்தகவின் ஏழாம் அடுக்கையும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதன் மூன்றாம் அடுக்கையும் பெருக்கி, மடக்கை எடுத்து, வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் 0.7 கிடைக்கும். இதில் கால்குலஸ் ஒரே வரி. மடக்கை எடுத்ததும் பெருக்கல் கூட்டலாவது, அடுக்கு முன்னால் இறங்கி வருவது, கடைசியில் குறுக்கே பெருக்குவது எல்லாம் பள்ளிக்கூடப் பாடம். முதுகலை வகுப்பில் அந்த வரிகளைப் பலகையில் எழுத மாட்டார்கள்.

அதனால் எடுத்தவுடன் பொறியியல் கணிதத்தின் குண்டுப் புத்தகத்தைப் பிரிக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தொகுதியில் அடிப்படை இயற்கணிதம், இரண்டாம் தொகுதியில் அணிகள், வகை நுண்கணிதம், நிகழ்தகவு. பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போடுங்கள். எனக்கு இதைவிட உதவிய புத்தகம் வேறில்லை.

வீடியோக்களும் நல்லவைதான். என்பிடெல் பாடங்கள் இருக்கின்றன. நேரியல் இயற்கணிதத்துக்கு எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள் இருக்கின்றன. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், அதை நம்பிவிடக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வரியைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

வகுப்பில் கேட்கத் தயங்க வேண்டாம். பெருக்கல் எப்படிக் கூட்டலானது என்று ஒருநாள் நான் கையைத் தூக்கிக் கேட்டேன். வெளியே வந்ததும் பின்வரிசைப் பையன், "நல்லவேளை நீங்க கேட்டீங்கக்கா, எனக்கும் அது புரியல" என்றான். அன்றிலிருந்து அசைன்மென்ட்டுகளைச் சேர்ந்துதான் போடுகிறோம். கோடிங்கில் அவன் எனக்குக் கைகொடுக்கிறான்.

வேலையும் வீடும் இருப்பவர்களுக்கு, செமஸ்டர் தொடங்கிவிட்டால் அடிப்படையைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பமாகும். சேரும் எண்ணம் இருந்தால் பொங்கல் முடிந்ததுமே நோட்டை எடுத்துவிடுங்கள்.