கண்ணாடியில் ஒரு சில்லு

இயற்பியல் வகுப்பில் திண்மங்களின் பண்புகளைப் பாடம் நடத்தும்போது, "கண்ணாடி ஏன் உடைகிறது?" என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். "அது நொறுங்கும் தன்மை உடையது, ஐயா" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். நொறுங்கும் தன்மை என்பது உடைதலுக்கு மற்றொரு பெயரேயன்றிக் காரணம் ஆகாது என்று கூறிவிட்டு, உண்மைக் காரணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். இவ்வாறு பல ஆண்டுகள் எழுதிக் காட்டிய நானே, என் காரின் முன்புறக் கண்ணாடியில் விழுந்த ஒரு மிளகளவுக் குழியை இரண்டு மாத காலம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில்லு பெயர்ந்த கதை

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மந்தைவெளி, அடையாறு பகுதிகளில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் நடந்துகொண்டிருந்த நேரம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு நோக்கித் திரு.வி.க. பாலத்தின்மீது சென்றுகொண்டிருந்தேன். முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று. அதிலிருந்து தெறித்த சிறு கல் "டிக்" என்று கண்ணாடியில் பட்டது. ஓட்டுநர் பக்கத்தில், என் பார்வைக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு குழியும் அதனைச் சுற்றி நட்சத்திரம்போல் சில கீற்றுகளும் தோன்றின. அன்று மாலை அண்டை வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னதுதானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் அந்த விடையைத்தான் விரும்பினேன். ஆகவே உடனே ஒப்புக்கொண்டேன்.

மே மாதத்தில், கத்திரி வெயிலின்போது, திருமணத்திற்குத் துணி எடுக்கத் தியாகராய நகர் சென்றோம். பனகல் பூங்காவுக்கு அருகில் இரண்டு மணி நேரம் கார் வெயிலில் நின்றது. திரும்பி வந்து ஏறியபோது உள்ளே அடுப்புபோல் இருந்தது. குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் "டக்" என்று ஓர் ஓசை. நட்சத்திரத்தின் ஒரு கீற்று சாண் நீளத்துக்கு ஓடிவிட்டது.

அப்போதேனும் நான் விழித்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் இருந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஜூன் 18ஆம் நாள் இரவு சென்னையில் பெருமழை பெய்தது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த வண்டியின் விளக்கொளி விரிசலில் பட்டு, ஒரு விளக்கு பத்து விளக்காய்ச் சிதறிற்று. வைப்பர் ஓடியும் பயனில்லை. அந்த வெளிச்சச் சிதறலுக்குள்ளிருந்து, மூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றும் அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவரும் திடீரென்று தோன்றினர். பிரேக்கை மிதித்தேன். கார் அவருடைய வண்டிச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவருக்கு அடி ஏதும் இல்லை. "இன்னா சார், கண்ணு தெரியலியா?" என்று கேட்டார். என் கண்ணில் குறை இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? குனிந்த தலையோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முன்புறக் கண்ணாடியின் அமைப்பு

காரின் பக்கக் கண்ணாடிகளும் முன்புறக் கண்ணாடியும் ஒரே வகையின அல்ல. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்தப்பட்டது. சூடேற்றிய கண்ணாடியைக் காற்றால் விரைந்து குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுக்க நிலையில் நிற்கும். உடைந்தால் முழுவதும் சிறுசிறு மழுங்கிய துண்டுகளாய் உதிர்ந்துவிடும்.

முன்புறக் கண்ணாடியோ மூன்றடுக்கு உடையது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே முக்கால் மில்லிமீட்டர் அளவில் பாலிவினைல் பியூட்டிரல் என்னும் நெகிழியேடு ஒட்டப்பட்டிருக்கும். உடைந்தாலும் துண்டுகள் ஏட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், முகத்தில் தெறிக்கா. இவ்வகைக் கண்ணாடிக்கு வழிவகுத்தவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார். அவருடைய ஆய்வகத்தில் 1903இல் கீழே விழுந்த குடுவை ஒன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் சிதறாமல் நின்றதாகச் சொல்வார்கள். 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 100ஆம் விதி பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றியதாகும். முன்புறக் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும் என்று அவ்விதி கூறுகிறது.

கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே பெயரும். உள்தகடும் ஏடும் நலமாயிருக்கும். சில்லை அடைத்துச் செப்பனிட முடிவது இதனாலேயே.

விரிசலின் இயல்பு

இனிக் கரும்பலகைக்கு வருவோம். ஒரு தகட்டை இழுத்தால் அதன் உள்ளே தகைவு எங்கும் சீராகப் பரவும். அதில் நீள்வட்டத் துளை ஒன்று இருந்தால் துளையின் கூரிய முனையில் தகைவு குவியும். 1913இல் இங்லிஸ் என்பார் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். துளையின் நீளம் அகலத்தைப்போல் 10 மடங்கானால் முனையில் தகைவு 21 மடங்காகும். விரிசல் என்பது மிக மிக ஒடுங்கிய துளையே அன்றோ! அதன் முனையில் குவியும் தகைவு எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1921இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுரையில் கிரிஃபித் என்னும் பொறியியலார் மேலும் ஒரு படி சென்றார். விரிசலின் நீளம் 4 மடங்கானால் கண்ணாடியின் வலிமை பாதியாகும் என்பது அவர் கண்ட விதியிலிருந்து கிடைக்கிறது. அஃதாவது, விரிசல் வளர வளர, அது மேலும் வளர்வதற்கு வேண்டிய விசை குறைந்துகொண்டே போகும். ஆகவே "இத்தனை நாள் தாங்கிற்று, இனியும் தாங்கும்" என்னும் வாதம் கண்ணாடிக்குப் பொருந்தாது.

சென்னையின் வெயிலும் ஈரமும்

கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெயிலில் காய்ந்த கண்ணாடியின் உட்பக்கத்தில் குளிர்காற்று பட்டால், உட்புறம் சுருங்க முயலும். வெளிப்புறம் விரிந்தே நிற்கும். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக மாறும். நல்ல கண்ணாடி இதைத் தாங்கிக்கொள்ளும். சில்லு விழுந்த கண்ணாடி தாங்காது. தியாகராய நகரில் நான் கேட்ட "டக்" ஓசையின் பொருள் இதுதான்.

மற்றொரு பகையும் உண்டு. அது நீர். விரிசல் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களின் பிணைப்பை நீர் மூலக்கூறு தாக்கி அறுத்துவிடும். இதனால் உடைக்கும் அளவுக்கு விசை இல்லாதபோதும் விரிசல் மெல்ல மெல்ல நகரும். கடற்காற்று வீசும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஈரத்துக்குக் குறைவேது? இரவில் நிறுத்திய காரில் காலையில் விரிசல் நீண்டிருப்பது இதனால்தான்.

செப்பனிடும் முறை

சில மாதங்களுக்குப் பின் எங்கள் துறை நண்பர் ஒருவரின் காரிலும் கல் பட்டது. அன்றே அவரை அழைத்துக்கொண்டு, கார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். அங்கே நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

முதலில் காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடி ஆறும்வரை காத்திருந்தார்கள். குழியிலிருந்த தூளை மெல்லிய ஊசியால் எடுத்தார்கள். பின் உறிஞ்சுகிண்ணத்தால் ஒட்டும் கருவி ஒன்றைக் குழியின்மேல் பொருத்தி, உள்ளேயிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றினார்கள். அதன் பிறகு நீர்போன்ற பிசினை அழுத்திச் செலுத்தினார்கள். இப்பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணுக்கு நெருங்கியது. ஆகவே கீற்றுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. பின்னர் புற ஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டவே பிசின் இறுகிற்று. வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டாதலால் வேலையை நிழலில் செய்ய வேண்டும். இல்லையேல் உள்ளே பரவுமுன்பே பிசின் இறுகிவிடும். மிஞ்சியதைச் சுரண்டி மெருகிட்டார்கள். ஒரு சிறு புள்ளி மட்டும் எஞ்சியது. விரிசல் முனைகள் நிரம்பிவிட்டதால் தகைவு குவிய இடமில்லை. நீர் புகவும் வழியில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சில்லு விழுந்தவுடன் ஒளிபுகும் செல்லோடேப்பை அதன்மேல் ஒட்டுங்கள். தூசியும் நீரும் புகாதிருக்கும்.

2. வண்டியைக் கழுவுவதையும், சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுவதையும், குளிர்காற்றை நேரே கண்ணாடிமேல் விடுவதையும் தவிர்க்க வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தலாகாது.

3. வீட்டிலுள்ள உடனொட்டும் பசையைக் குழியில் ஊற்றக் கூடாது. பின்னர் பிசின் செல்லும் வழி அடைபட்டுவிடும்.

4. பொதுவாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய சில்லை அடைக்கலாம். ஓட்டுநரின் நேர்ப் பார்வையில் இருந்தாலோ, கண்ணாடியின் விளிம்பை அடைந்திருந்தாலோ, உள்தகடும் உடைந்திருந்தாலோ, நீண்ட விரிசலாக ஓடியிருந்தாலோ கண்ணாடியை மாற்றுவதே முறை.

5. புதிய கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். பசை இறுகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது. விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், காற்றுப்பை சரியாக விரிவதிலும் இக்கண்ணாடிக்குப் பங்கு உண்டு.

6. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவருக்கு இச்செலவு கிடைக்காது. முழுக் காப்பீடு உள்ளவர், உரிமை கோரினால் அடுத்த ஆண்டின் கோரிக்கையில்லாச் சலுகை என்னாகும் என்று கேட்டறிந்து கணக்கிடவேண்டும்.

முடிவுரை

முதல் நாளே சென்றிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். எனக்குப் பல ஆயிரம் செலவாயிற்று. அது பெரிதன்று. கச்சேரி சாலையில் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் அந்தப் பெரியவரின் நிலை என்னவாகியிருக்கும்? முள்மரத்தை இளையதாய் இருக்கும்போதே களைய வேண்டும் என்றார் வள்ளுவர். நானோ இயற்பியலும் படித்து, குறளும் படித்து, இரண்டையும் வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மாணவ நண்பர்களே, நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், உங்கள் வீட்டு வண்டியோ நண்பரின் வண்டியோ, அதன் முன்புறக் கண்ணாடியை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.