மாக்கோழி கூவிய கதை

சென்ற தை மாதத்தில் கோவை மாநகரில் உள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பின் பொருட்டு முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்து, பம்புசெட் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகவே ஒரு சிறு பட்டறை வைத்துக்கொண்ட குடும்பம் அது. வழக்கப்படி பொழுது சாயுமுன் உணவு முடிந்துவிட்டது. பாட்டி ஜபமாலையோடு அமர்ந்திருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் கூடத்து மூலையில் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். திடீரென்று துள்ளியெழுந்து, "சிக்கன் டின்னர்! சிக்கன் டின்னர்!" என்று கூவினான்.

பாட்டியின் விரல்கள் மாலையில் நின்றுவிட்டன. முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு அது.

பையனைக் கேட்டேன். 'பப்ஜி' என்னும் விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறக்கிவிடப்படுகின்றனர். ஆயுதங்களைத் தேடி எடுத்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். இறுதிவரை உயிரோடு எஞ்சியவனே வென்றவன். அவனுக்குத்தான் திரையில் அந்தக் 'கோழி விருந்து' வாழ்த்து தோன்றுகிறது. "பாட்டி, கோழியும் இல்லை, சாப்பாடும் இல்லை. நான் சுட்டதும் ஆளை இல்லை, வெறும் படத்தை" என்றான் பையன். அவன் தந்தையாரும், "விளையாட்டுத்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்றார். பாட்டி சற்று நேரம் கழித்து ஒரே ஒரு சொல் சொன்னார்: "யசோதரனும் இதைத்தானடா சொன்னான்."

அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

யசோதர காவியம் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று என்பதும், நம் முன்னோர் இயற்றியது என்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் இளைய தலைமுறையினரின் பொருட்டு ஒருமுறை கதையைச் சொல்லிவிடுகிறேன். மாரிதத்தன் என்னும் அரசன் சண்டமாரிக்குப் பலியிட விலங்குகளையும் பறவைகளையும் இணையிணையாகத் திரட்டுகிறான். மனித இணையும் வேண்டுமென்று ஆட்களை ஏவுகிறான். அகப்பட்டவர்கள் அபயருசி, அபயமதி என்னும் இளந்துறவியராகிய அண்ணனும் தங்கையும். வாளின் முன்னே அவர்கள் அஞ்சாமல் புன்முறுவல் பூத்து நிற்பது கண்டு வியந்த அரசன் காரணம் கேட்க, அவர்கள் தம் பழம்பிறப்பை உரைக்கின்றனர்.

முன்னொரு பிறப்பில் அவர்கள் உஞ்சை நகரத்து அரசன் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும். மகன் மனம் நொந்திருப்பதைத் தீக்கனாவின் பயன் என்று எண்ணிய தாய், தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொன்னாள். கொலைக்கு அஞ்சிய மகன் மறுத்தான். அப்போது தாய் ஓர் இடைவழி கண்டாள். மாவினால் கோழி செய்து அதை வெட்டுவோம், உயிரும் போகாது, பலியும் நிறைவேறும் என்றாள். அவனும் இசைந்தான். கைதேர்ந்தவர் செய்த அந்த மாக்கோழியை அவன் வாளால் வெட்டியபோது, தலை துண்டாகி விழுகையில் அது உயிருள்ள கோழி போலவே கூவிற்று. யசோதரன் நடுங்கிப்போனான். பின்னர்த் தாயும் மகனும் நஞ்சினால் மாண்டு, மயிலும் நாயுமாக, மீனும் முதலையுமாக, ஆடும் எருமையுமாகப் பல பிறவிகள் எடுத்து, ஒருவர் கையில் ஒருவர் வதைபட்டு, கோழிகளாகவும் பிறந்து, அதன் பின்னரே மானிடராயினர்.

ஒரு பிடி மாவுக்கா இத்தனைத் துன்பம் என்று சிறுவயதில் நானும் கேட்டதுண்டு. மாவுக்கு அன்று. திரவிய இம்சை வேறு, பாவ இம்சை வேறு என்று நம் ஆசாரியர்கள் பிரித்தனர். கண்ணெதிரே ஓர் உயிர் போவது முன்னது. கொல்வோம் என்று உள்ளம் துணிவது பின்னது. வாளை ஓங்கிய கணத்தில் யசோதரன் உள்ளத்தில் நிகழ்ந்தது மெய்யான கொலையே. கோழி மட்டுமே பொய்.

இனி அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த மற்றொரு பொம்மைக் கதையைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியல் பேராசிரியர், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். காற்றடைத்த ஆளுயரப் பொம்மை ஒன்று. நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போல் தள்ளினால் சாய்ந்து தானே நிமிர்ந்துகொள்ளும். ஒரு பகுதிக் குழந்தைகளின் கண்முன் பெரியவர் ஒருவர் அதைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், மேலே தூக்கி எறிந்தார். மற்றொரு பகுதியினர் முன் பெரியவர் அமைதியாக வேறு பொருள்களோடு விளையாடினார். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் காட்டப்படவில்லை. பிறகு பொம்மையோடு தனியே விடப்பட்டபோது, அடிப்பதைக் கண்ட குழந்தைகள் அதே அடியை, அதே சொற்களோடு, அப்படியே அடித்தனர். 1963-இல் நேரில் காட்டாமல் திரைப்படமாகக் காட்டியபோதும், பூனை வேடம் பூண்டவரைச் சித்திரப் படம் போல் காட்டியபோதும் அடி குறையவில்லை.

1965-இல் அவர் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அடிப்பவரின் படத்திற்கு மூன்று முடிவுகள் வைத்தார். ஒன்றில் அடித்தவருக்கு மிட்டாயும் பாராட்டும் கிடைத்தன. ஒன்றில் ஏச்சும் அடியும் கிடைத்தன. மூன்றாவதில் ஒன்றுமில்லை. தண்டனையைக் கண்ட குழந்தைகள் குறைவாகவே அடித்தனர். ஆனால், "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவேன்" என்றவுடன் மூவகைக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்து காட்டினர். கையில் வெளிப்படாதது உள்ளே பதியாமல் இல்லை என்பது அதனால் புலனாயிற்று. பெற்றோர் பலரும் "எங்கள் பையன் யாரையும் அடிப்பதில்லை" என்று நிம்மதி கொள்கின்றனரே, அவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

பண்டூராவை மறுத்த அறிஞர்களும் உண்டு. அந்தப் பொம்மை அடிப்பதற்கென்றே செய்யப்பட்டது, பொம்மையை அடிப்பது மனிதரை அடிப்பதாகுமா என்று கேட்டனர். நியாயமான கேள்வியே. மாக்கோழியை வெட்டுவது கோழியை வெட்டுவதாகுமா என்ற கேள்வியும் இதுவே அன்றோ? பல நூற்றாண்டு இடைவெளியில், இரு வேறு நாடுகளில், ஒரே வழக்கு.

உண்மையை மிகைப்படுத்துவது சத்திய விரதத்திற்கு இழுக்கு. ஆகையால் இதையும் சொல்லிவிட வேண்டும். படம் பார்த்த பிள்ளைகளெல்லாம் கொலைகாரர்களாவர் என்று ஆய்வுகள் கூறவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை விளையாட்டுக்களுக்கும் கூச்சலிடுதல், பிடித்துத் தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய அளவிலான தொடர்பு உண்டென்றும், கொடிய குற்றங்களுக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றும் தெரிவித்தது. நம் நாட்டில் 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'சக்திமான்' தொடரை நினைவிருக்கும். நாயகன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறுவர் சிலர் தமக்கே தீங்கிழைத்துக்கொண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தத் தொடர்பை நாயகனாக நடித்த முகேஷ் கன்னா மறுத்தார். எனினும் தம்மைப்போல் செய்து பார்க்கக் கூடாதென்று அவரே திரையில் தோன்றிக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொன்னார்.

'பப்ஜி'யின் கதையோ விந்தையானது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரக் காவல்துறை அதைத் தடை செய்து, விளையாடிய இளைஞர் சிலரைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் நடுவண் அரசு 118 செயலிகளுள் ஒன்றாக அதையும் நாடெங்கும் தடுத்தது. பிள்ளைகளின் மனத்தைக் கருதியன்று, நாட்டின் பாதுகாப்பைக் கருதி! அடுத்த ஆண்டே வேறு பெயரில் வந்தது. 2022-இல் மீண்டும் தடுக்கப்பட்டு, 2023-இல் மீண்டும் வந்தது. அரசின் தடையை நம்பிப் பிள்ளை வளர்ப்பவர் இந்த ஆண்டுக் கணக்கை மனத்திற் கொள்வாராக. திரையரங்கிலாவது படத்திற்குத் தணிக்கைச் சான்று உண்டு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 7, 13, 16 என வயதுப் பிரிவுகளும் வந்துவிட்டன. கைப்பேசிக்கு வாயிற்காவலர் வீட்டார் மட்டுமே.

"அசையும் படம் நேற்று வந்ததா? நாங்கள் பார்க்காத சண்டையா?" என்று அந்தத் தந்தையார் கேட்டார். கோவைக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கிக் கூடாரங்களில் படம் காட்டத் தொடங்கி, 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டியது கோவை நகரில்தான். அதற்கும் முன்பே கொங்கு நாட்டுக் குழந்தைகள் இரவிரவாக உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவர்கள். வாளும் குருதியும் நிறைந்த கதை அது.

இந்தக் கேள்வி என்னைச் சில நாள் விடவில்லை. அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவரிடம் பேசிய பின்னரே தெளிவு பிறந்தது. பொன்னரும் சங்கரும் வீழ்ந்த பிறகு அக்கதை முடிந்துவிடுவதில்லை. தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடி அலைந்து அழுகிறாள். கேட்டிருக்கும் பெண்களும் அழுகின்றனர். படுகளத்தில் அடியார்கள் பிணம்போல் வீழ்ந்து கிடக்க, அவர்களை எழுப்பும் சடங்கு நடக்கிறது. 1965-இல் கனடா நாட்டு அறிஞர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இக்கதையைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். (பின்னாளில் அவரே அதைச் சித்திரப் படத் தொடராகவும் ஆக்கினார்.) சாவைச் சொல்வதற்கு அத்தனை இரவுகள் தேவைப்பட்ட கதை அது.

பையனின் விளையாட்டில் செத்தவனுக்காக அழுவார் யாருமில்லை. சுடப்பட்டவன் ஒரு சிறு பெட்டியாக மாறிவிடுகிறான். அப்பெட்டியைத் திறந்து அவன் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துக்கொள்ளலாம்! அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1990-களில் நடந்த ஒரு பெரும் ஆய்வு, வன்முறைக் காட்சிகளில் 73 விழுக்காட்டில் வன்செயல் புரிந்தவருக்குத் தண்டனையே இல்லை என்று கண்டது. பண்டூராவின் மூன்று முடிவுகளை இங்கே நினைத்துக்கொள்க. எத்தனை அடி காட்டப்பட்டது என்பதைவிட, அடிக்குப் பின் என்ன காட்டப்பட்டது என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். மாக்கோழி கூவியது. யசோதரன் காதில் அது விழுந்தது. இவ்விளையாட்டில் கோழி கூவுவதே இல்லை.

சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என்று ஒன்று உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது அது. ஆசாரியர் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும் அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் அதனை ஐந்தாக விரிக்கின்றன. அவற்றுள் அபத்தியானம் என்பது, பகையாலோ பற்றாலோ பிறர் கொல்லப்படவும் கட்டுண்ணவும் வேண்டுமென மனத்தால் எண்ணுதல். துச்ருதி என்பது, பகையையும் செருக்கையும் காமத்தையும் கிளறி உள்ளத்தைக் கலக்குவனவற்றைக் கேட்டல். வெறும் சாகசமும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இம்சாதானம் என்பது, கொலைக் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். ஐந்தில் இந்த மூன்றும் ஒரே கைப்பேசிக்குள் வந்து சேருமென்று எண்ணிப் பார்த்ததுண்டா? அதைப் பிள்ளை கையில் கொடுத்தவர் நாமே.

பையனிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. அந்த வீட்டில் ஒருமுறை பிடுங்கியும் பார்த்தார்களாம். இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, பிறகு நண்பன் வீட்டில் போய் விளையாடினானாம். எனக்குப் பட்டது வேறொன்று. மற்ற வீடுகளில் எட்டு மணிக்கு மேல் உண்கிறார்கள். நம் இல்லங்களில் ஆறு மணிக்குள் உணவு முடிந்துவிடுகிறது. உறங்கும்வரை மூன்று மணி நேரம் எஞ்சுகிறது. முன்னாளில் அந்நேரத்தில் பெரியவர் ஒருவர் ஸ்ரீபுராணம் வாசிக்க, சிறுவர் சுற்றி அமர்ந்திருப்பர். இரவுண்ணாமையைக் காத்துக்கொண்டோம். அது தந்த நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் மாலை பாட்டி பேரனைப் பக்கத்தில் அழைத்தார். திட்டவில்லை. "நேற்றுச் சுட்டாயே, அவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார். "அவன் ஆளே இல்லை பாட்டி, கம்ப்யூட்டர் பொம்மை" என்றான். "எல்லாருமேவா?" பையன் சற்றே தயங்கி, "சிலர் நிஜ ஆட்கள். எங்கேயோ உட்கார்ந்து என்னைப்போல விளையாடுகிறவர்கள். யார் பொம்மை, யார் ஆள் என்று சுடும்போது தெரியாது" என்றான். பாட்டி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் யசோதரன் கதையைத் தொடங்கினார். முதலில் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தவன், மயிலும் நாயும் வந்தபோது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "வெறும் மாவு எப்படிக் கூவும்?" என்று மூன்று முறை கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனைவருமாக விசயமங்கலம் சென்றோம். கோவையிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில், பெருந்துறைக்கு இப்பால் உள்ள பழம்பதி. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் பிறந்த மண். அங்குச் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் ஆலயம் உள்ளது. பேருந்தில் பையன் இருமுறை கைப்பேசி கேட்டான், ஒருமுறை கிடைத்தது. திரும்பும்போது, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு யசோதரன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். அரசன் படையில் ஒரு ஹெலிகாப்டரையும் சேர்த்துவிட்டான். கோழி கூவும் இடம் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.