டிரெட்மில் காட்டும் கலோரி... அப்படியே நம்பலாமா?

"டாக்டர் சார், தினமும் இருநூறு கலோரி எரிக்கிறேன். சர்க்கரை மட்டும் இறங்கவே மாட்டேங்குது!"

அலுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவருக்கு வயது 52. ஜவ்வாது மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டில் பிறந்தவர். பிழைப்புக்காகக் கீழே இறங்கி, திருப்பத்தூரில் குடியேறி முப்பது வருஷம் ஆகிறது. மலையில் ஏற்றமும் இறக்கமுமாக நடந்து பழகிய கால்கள், கீழே வந்ததும் பைக்கில் ஏறிக்கொண்டன. பின்னாலேயே மதுமேகமும் வந்து சேர்ந்தது. பதறிப்போன மகன் ஒரு டிரெட்மில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

தினமும் அரை மணி நேரம். மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகம், 5 சதவீதச் சாய்வு. மெஷின் 195 கலோரி என்று காட்டுகிறது. அந்த தைரியத்தில் மனிதர் இரண்டு காரியம் செய்திருக்கிறார். நடந்து முடித்ததும் ஊரிலிருந்து வரும் மலைத்தேனில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கலந்து குடிப்பது ஒன்று. ராத்திரி மாத்திரையைத் தானாகவே நிறுத்திக்கொண்டது இன்னொன்று!

இந்த 195 எங்கிருந்து வந்தது? ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்றே கணக்கு

நடக்கும்போது தசைகள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. 1 லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் 5 கலோரி எரிந்ததாக அர்த்தம். (பேச்சு வழக்கில் நாம் கலோரி என்பது கிலோ கலோரியைத்தான்.) இதை வைத்து, நடைக்கென்று ஒரு சூத்திரம் தந்திருக்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. அதைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

1. சும்மா இருந்தாலே எரிவது: 1 கிலோ எடைக்கு, 1 மணி நேரத்துக்குச் சுமார் 1 கலோரி.

2. சமதள நடை: 1 கிலோமீட்டருக்கு உங்கள் எடையில் பாதி.

3. ஏற்றம்: 100 மீட்டர் உயரம் ஏறினால், உங்கள் எடையை 0.9-ஆல் பெருக்கி வருவது.

நம்மவர் எடை 60 கிலோ. அரை மணியில் அவர் நடப்பது 2.4 கிலோமீட்டர். எடையில் பாதி 30. அதை 2.4-ஆல் பெருக்கினால் 72 கலோரி.

அடுத்தது ஏற்றம். 5 சதவீதச் சாய்வு என்றால் 100 மீட்டர் நடந்தால் 5 மீட்டர் உயரம். 2,400 மீட்டருக்கு 120 மீட்டர். 60-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 54. அது 100 மீட்டருக்கு. 120 மீட்டருக்குச் சுமார் 65 கலோரி.

ஆக, நடையால் எரிந்தது 137. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த அரை மணியில் 30 எரிந்திருக்கும். அதையும் சேர்த்தால் 167. மெஷின் 195 காட்டியது எப்படி?

"மெஷின்ல உங்க எடையைப் போட்டீங்களா?"

"அது கேக்கவே இல்லீங்களே சார்!"

அதுதான் சங்கதி. எடை கேட்காத மெஷின், தானாக ஓர் எடையை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். 70 கிலோ என்று வைத்துப் பாருங்கள்: 84, 76, 35... கூட்டினால் அதே 195!

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டா நடக்கிறீங்க?"

"ஆமா சார். ஏத்தம் வெச்சா பிடிக்காம முடியலை."

உடம்பின் பாரத்தைக் கை தாங்கினால் காலுக்கு வேலை குறையும். மெஷினுக்கு இது தெரியாது. எனவே 137-கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மேசைக்கரண்டி தேனில் ஏறக்குறைய 120 கலோரி. மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள். மலைத்தேன் நல்ல பொருள்தான். ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான். சாமை அரிசியும் அப்படியே. நார்ச்சத்து உண்டு என்றாலும், கலோரியில் நெல்லரிசிக்கு ரொம்பக் குறைந்ததல்ல. அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

மலைப்பாதையில் நடப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். தூரத்தோடு, எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லும் மேடுமான பாதையில் செலவு இன்னும் கூடும். இறக்கத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

* இந்தக் கணக்கு உத்தேசம்தான். ஆளுக்கு ஆள் மாறும்.

* கைப்பிடி இல்லாமல் நடக்க முடிகிற அளவுக்கு மட்டும் சாய்வு வையுங்கள். நிலை தடுமாறினால் பிடித்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

* இதய நோய்க்கான டிரெட்மில் பரிசோதனையில், வழக்கமான புரூஸ் முறையின் முதல் கட்டமே 10 சதவீதச் சாய்வு, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்தான். அதை டாக்டர் பக்கத்தில் இருந்து செய்கிறார். வீட்டில் எடுத்த எடுப்பில் 10 வைக்காதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

* இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். படபடப்பு, வியர்வை, நடுக்கம் என்றால் உடனே சர்க்கரை தேவை. பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* மெஷின் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கவே கூடாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் குறைக்க வேண்டும். சித்த மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

எண் சின்னதாகிவிட்டதே என்று நடையை விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம் அது தொடர்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்மவரை, மாத்திரை கொடுத்த டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். மாத்திரை மறுபடி ஆரம்பமானது. தேன் நின்றது. சாய்வு 3, கைப்பிடி கிடையாது. கணக்குப்படி வெறும் 111 கலோரிதான். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது.

"இப்பல்லாம் மெஷின் காட்டுறதைப் பாக்குறதே இல்லை சார். நானே பேப்பர்ல போட்டுக்கறேன்" என்றார்.

நீங்களும் இன்றைக்கே உங்கள் எடையைப் போட்டுப் பாருங்கள்.