நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரமும் படிப்பை நிறுத்தப்பட்ட பையனும்



சென்ற கோடையில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், "மாமா, நியூட்டன் பிறந்த வீடு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். பார்த்துவிட்டு வரலாமா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் உடனே, "நன்னா, தலையில ஆப்பிள் விழுந்த இடம்தானே?" என்றான். எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது. திரும்பி வரும்போது மனதில் நின்றது ஆப்பிள் அல்ல, வேறொன்று. அதை நம் குடும்பங்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வீடும் தோட்டமும்

லிங்கன்ஷயரில் கிரந்தாம் என்ற ஊருக்குத் தெற்கே வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய, மாடியுள்ள ஒரு பழைய விவசாய வீடு. அரண்மனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். தானியம் சேமிக்கவும் ஆடுமாடுகளுக்காகவும் கட்டிய கட்டடங்கள் பக்கத்தில் நிற்கின்றன. நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் 1940-களிலிருந்து இதைப் பராமரித்து வருகிறது.

வீட்டின் முன் தோட்டத்தில் அந்த ஆப்பிள் மரம் நிற்கிறது. யாரும் மிதிக்காதபடி சுற்றிலும் தாழ்வான தட்டி வேலி. 1820-இல் ஒரு புயலில் இம்மரம் சாய்ந்துவிட்டது. ஆனால் வேர் அறுபடவில்லை. சாய்ந்த மரமே மறுபடி துளிர்த்து வளர்ந்து இன்றும் காய்க்கிறது. 'ஃப்ளவர் ஆஃப் கென்ட்' என்ற வகை. அப்படியே கடித்துத் தின்பதற்கானது அல்ல, சமையலுக்கு உதவும் ஆப்பிள்.

தலையில் விழுந்த கதைக்கு ஆதாரம் இல்லை. 1726-இல், தம் 83-ஆம் வயதில், நியூட்டன் ஸ்டக்லி என்ற நண்பரோடு ஆப்பிள் மர நிழலில் தேநீர் அருந்தியபடி பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். இளமையில் பழம் விழுவதைக் கண்டபோது, அது ஏன் எப்போதும் நேராகப் பூமியை நோக்கியே விழுகிறது என்று யோசித்ததாகச் சொன்னார். ஸ்டக்லி அதை எழுதிவைத்தார். நடந்தது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை

நியூட்டன் பிறந்தது அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25. அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே தந்தை இறந்துவிட்டார். பிறக்கும்போதே யத்தீம். அந்தத் தந்தைக்கு நிலமும் ஆடுகளும் இருந்தன. ஆனால் தம் பெயரைக் கையெழுத்திடத் தெரியாது.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா மறுமணம் செய்து பக்கத்து ஊருக்குப் போனார். பிள்ளை பாட்டியிடம் விடப்பட்டான். இரண்டாவது கணவரும் இறந்தபின், மூன்று சிறு பிள்ளைகளோடு தாய் இந்த வீட்டுக்கே திரும்பினார். அப்போது நியூட்டனுக்குப் பத்து வயது. தாய் பிரிந்துபோன காயம் எளிதில் ஆறவில்லை. தாயையும் மாற்றுத் தந்தையையும் வீட்டோடு கொளுத்திவிடுவேன் என்று மிரட்டியதை, 19 வயதில் தம் குற்றங்களைப் பட்டியலிட்டபோது அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பன்னிரண்டு வயதில் கிரந்தாம் பள்ளியில் சேர்ந்தார். ஊரிலிருந்து தினமும் போய்வர முடியாததால் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார். பள்ளி நேரம் போக, சின்னச் சின்ன இயந்திரங்களும் காற்றாலை மாதிரியும் செய்துகொண்டிருப்பார். வூல்ஸ்தோர்ப் வீட்டுச் சுவர்களில் பழைய கீறல் படங்கள் பல உண்டு. கணப்படுப்புக்கு அருகே ஒரு காற்றாலைப் படம் 2017-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நியூட்டன் சிறுவயதில் கீறியதாக இருக்கலாம் என்கிறார்கள்.

படிப்பு நின்ற இடம்

இனி வருவதுதான் நமக்கு முக்கியம். பதினேழு வயதை நெருங்கும்போது தாய் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். மூத்த மகன், நிலத்தையும் ஆடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மகனுக்கோ அந்த வேலை வரவில்லை. ஆடுகளை விட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். ஆடுகள் பிறர் நிலத்தில் நுழைந்தன, பன்றிகள் பயிரில் இறங்கின. 1659-இல் இதற்காக அவருக்கு அபராதம் விதித்த பதிவு இன்றும் இருக்கிறது.

அப்போது இருவர் தாயிடம் பேசினார்கள். ஒருவர் தாய்மாமன் வில்லியம், தாமும் கேம்பிரிட்ஜில் படித்தவர். மற்றவர் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டோக்ஸ். வெளியூர் மாணவர்கள் கட்டவேண்டிய 40 ஷில்லிங் கட்டணம் வேண்டாம் என்று ஸ்டோக்ஸ் சொன்னார். தம் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்றும் சொன்னார். தாய் சம்மதித்தார். 1660-இல் பையன் பள்ளிக்குத் திரும்பினான். 1661-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, வசதியான மாணவர்களுக்கு ஏவல் வேலை செய்து படிக்கும் நிலையில்தான் சேர்ந்தார்.

1665-இல் பிளேக் நோய் பரவியதால் பல்கலைக்கழகம் மூடப்பட, இதே வீட்டுக்குத் திரும்பினார். இடையில் சிறிது காலம் தவிர 1667 வரை இங்கேதான் இருந்தார். ஜன்னல் கதவில் சிறு துளையிட்டு, அதன்வழி வரும் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் விழச்செய்து, வெள்ளை ஒளி பல நிறங்களாகப் பிரிவதை ஆராய்ந்தார். மாடியில் அந்த ஆய்வைக் காட்டும் அறையில் பேரன் வெகுநேரம் நின்றான். புவியீர்ப்பு பற்றிய சிந்தனையும் இங்கேதான் தொடங்கியது. ஆனால் அந்த நூல் வெளிவந்தது 1687-இல். பழம் விழுந்த மறுநாள் எதுவும் முடிந்துவிடவில்லை, இருபது ஆண்டு உழைப்பு பாக்கி இருந்தது.

அந்த அறையில் பேரனிடம் இப்னு அல்ஹைதம் பற்றிச் சொன்னேன். பஸராவில் பிறந்த அவர், நியூட்டனுக்கு 600 ஆண்டுகள் முன்பே இருட்டறையில் துளைவழி வரும் ஒளியை ஆராய்ந்தவர். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' லத்தீன் மொழியில் 1572-இல் பாஸல் நகரில் அச்சாகி ஐரோப்பிய அறிஞர்கள் கைக்குப் போனது. பேரன் கேட்டான்: "அப்புறம் நம்ம ஆளுங்க ஏன் நிறுத்திட்டாங்க, நன்னா?" அதற்கு வரலாற்று ஆசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்கு நினைவு வந்தது ஒரு கடிதம்தான்.

நான் எழுதிய கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த ஒரு சகோதரி நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பத்தாம் வகுப்பு முடித்த மகனை ஒரு கடையில் சேர்த்துவிட, நம்பிக்கையான பையன் என்று கடிதம் கேட்டார். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உதவி செய்துவிட்ட திருப்தியும் இருந்தது. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கவில்லை. மேலே படிக்க என்ன தடை என்றும் கேட்கவில்லை. அவன் வகுப்பிலேயே முதலாவது வந்தவன் என்று பிறகு அவன் ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். இன்றும் அந்தக் கடைப்பக்கம் போனால் சலாம் சொல்கிறான். நான் பதில் சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுகிறேன்.

நமக்கான பாடம்

அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன், ஹன்னாவையும் குறை சொல்ல மாட்டேன். இருமுறை கணவரை இழந்து, நான்கு பிள்ளைகளோடு நின்ற பெண் மூத்த மகனைத் துணைக்கு அழைத்தது இயல்பு. எல்லாப் பிள்ளையும் நியூட்டன் ஆகப்போவதும் இல்லை. கடை வேலையும் கண்ணியமான வேலைதான். ஆனால் படிப்பை நிறுத்தும் முடிவை ஒரு தாய் தனியாக எடுக்கும்படி விடக்கூடாது.

ஒரு மாமா வீட்டுக்கு வந்து பேசினார். ஓர் ஆசிரியர் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, தங்க இடமும் கொடுத்தார். வெறும் புத்திமதியோடு அவர் நிறுத்தியிருந்தால் தாய் சம்மதித்திருப்பாரா தெரியாது. நம் மஹல்லாவில் மாமாக்களுக்கும் பெரியப்பாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை.

இனி வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பள்ளி வயதுப் பிள்ளையோடு யார் வந்தாலும், முதலில் அந்தப் பிள்ளையை உட்காரவைத்துப் பேசுவது என்று வைத்திருக்கிறேன். கடிதம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச:

1. நியூட்டனின் தாய் அவரை ஏன் பள்ளியிலிருந்து நிறுத்தினார்? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால்?

2. தாய்மாமனும் தலைமையாசிரியரும் செய்த உதவிகளில் எது பெரியது?

3. உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு படிப்பை நிறுத்திய பிள்ளை யார்? அந்தப் பிள்ளைக்காக யார் போய்ப் பேசலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்