இயந்திரத்தின் கீச்சொலி

நின்ற நிலையில் மெல்ல இயங்கும் மோட்டார் வண்டியிலிருந்து குருவி கத்துவது போன்ற கீச்சொலி எழுவதுண்டு. அதன் காரணத்தை அறியும் முறையை, 1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியைக் கொண்டு நோக்குவோம். அவ்வண்டியில் ஒரே பட்டி விசிறியையும் நீர்ப்பம்பியையும் டைனமோவையும் சுழற்றுகின்றது.

கையும் ஆடையும் விசிறியிற் படாவண்ணம் விலகிநின்று, ஓடும் பட்டியிற் சிறிது நீர் தெளிப்போம். ஒலி மாறுமாயின் குற்றம் பட்டியிலோ கப்பிகளின் ஒழுங்கிலோ உளது எனலாம். மாறாவிடின் பெயரிங்குகளை ஐயுறல் வேண்டும். பின்னர் இயந்திரத்தை நிறுத்திப் பட்டியைக் கழற்றிக் கப்பிகளைக் கையாற் சுழற்றுவோம். கரகரப்போ ஆட்டமோ உடையதே பழுதுற்றது.

பட்டியில் எண்ணெய் பூசி ஒலியை அடக்குதல் தகாது. ஒலி அடங்கினும் நோய் அடங்காது. நீர்ப்பம்பியின் பெயரிங் சிதையின் நீர் ஒழுகி, இயந்திரமே வெப்பமிகுதியாற் கெடும்.